எந்த ஜோன்ஸ்? வேல்ஸ் ஏரிக்கரையில் ஒரு போதகர் குடும்பத்தின் தடம்

வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றின் கல்லறைத் தோட்டத்தில் போய் நின்று, "ஜோன்ஸ் ஐயா!" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் எவன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், ராபர்ட்ஸ். கைவிரல்களுக்குள் அடங்கிவிடும் குடும்பப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு நாடே வாழ்ந்திருக்கிறது. தாத்தாவின் பெயர் ஜான் ஜோன்ஸ் என்ற ஒரே ஒரு தகவலுடன் வேர் தேடி வருகிறவர்கள், முதல் நாள் மாலையே தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு போதகரின் குடும்பத்தை எப்படித்தான் தேடுவது? மைக்கேல் டேனியல் ஜோன்ஸின் குடும்பத்தைப் பின்தொடர்ந்து போனால் விடை கிடைக்கும். 1822-ல் பிறந்து 1898-ல் மறைந்த இவரை வேல்ஸ் மக்கள் இன்றும் மறக்கவில்லை. தாய்மொழியைக் காப்பாற்ற ஒரு கூட்டத்தையே கப்பலேற்றி, தென் அமெரிக்காவின் படகோனியாவில் குடியேற வைத்த மனிதர் அவர். அவருடைய தந்தையும் போதகர். அந்த வீட்டுக் கதையில் ஒரு சேப்பல், ஒரு பண்ணை, ஒரு கப்பல், ஒரு கொலை எல்லாம் உண்டு.

ஏரிக்கு மேலே ஓர் ஊர்

வேல்ஸின் வடகிழக்கு மூலையில் உள்ள ரெக்ஸமில் இருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் புறப்படும் பேருந்து, ருவாபன் என்ற சிற்றூரைத் தாண்டிப் போகும். அந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜமீன் மாளிகை ஒன்று அங்கே இருக்கிறது, பிறகு தேவைப்படும். மலைகள் நெருங்கி வர, பாலா என்ற கடைத்தெரு ஊர் வரும். 'பாலா' என்றால் ஏரியிலிருந்து ஆறு வெளியேறும் இடம் என்று பொருள். பெயருக்கேற்ப ஊரை ஒட்டியே டீ ஆறு புறப்படுகிறது. அந்த ஏரிதான் லின் தெகிட். சுமார் 6 கிலோமீட்டர் நீளம். வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரி. பனியுகம் முடிந்தபோது இங்கே சிக்கிக்கொண்ட க்வினியாட் என்ற மீன் இன்னும் இதில் வாழ்கிறது.

ஏரியின் மறுமுனையில், மலையடிவாரத்தில் லானியூக்லின். 'ஏரிக்கு மேலுள்ள ஆலயம்' என்பது பெயரின் பொருள். தமிழில் இப்படி எழுதிவிட்டாலும் உச்சரிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, இரு பக்கமும் காற்றை ஊத வேண்டும். ழகரத்துக்குப் பழகிய நாக்கும் இரண்டு மூன்று முறை தடுமாறும். உள்ளூர்க்காரர்கள் சிரிக்காமல் சொல்லித் தருவார்கள். கோடையில் ஏரிக்கரை ஓரமாகச் சின்ன ரயில் ஒன்றும் ஓடுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் அதில் ஏறாமல் தப்பிக்க முடியாது.

சர்ச் வேறு, சேப்பல் வேறு

அந்தக் காலத்தில் 'சர்ச்' என்றால் அரசாங்கத்தின் ஆங்கிலிகன் ஆலயம். அதன் கட்டுப்பாட்டுக்குள் வராமல் விலகி நின்ற மக்கள், தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிக்கொண்டது 'சேப்பல்'. அதிலும் பல பிரிவுகள்: மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், சுயாதீன சபையார். 19-ம் நூற்றாண்டின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் போன வேல்ஸ் மக்களில் பெரும்பாலோர் சேப்பலுக்குத்தான் போனார்கள். மொத்தம் 6,000-க்கும் மேற்பட்ட சேப்பல்கள் கட்டப்பட்டன. பெத்தேல், சாலேம், எபெனேசர் என்று எல்லாம் வேதாகமப் பெயர்கள். வடக்கு வேல்ஸில் பெத்தேஸ்தா என்ற ஊருக்கே அங்கே கட்டிய சேப்பலின் பெயர்தான் நிலைத்தது.

போதகர் குடும்பத்தைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, 'எந்த ஊர்?' என்பதைவிட 'எந்தப் பிரிவு?' என்பதுதான். பிரிவு தெரியாவிட்டால் பதிவேடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. சுயாதீன சபையில் ஒவ்வொரு சேப்பலும் தனி ராஜ்ஜியம். மேலிடம் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே கூடிப் பேசி, தங்களுக்குப் பிடித்த போதகரை அழைப்பார்கள். அழைப்பு எங்கிருந்து வந்ததோ, அங்கே போதகர் மூட்டை கட்டிக்கொண்டு போவார். அதனால்தான் பிறந்தது ஒரு மாவட்டம், படித்தது இன்னொன்று, ஊழியம் செய்தது மூன்றாவது என்று இவர்கள் வாழ்க்கை சிதறிக் கிடக்கிறது.

மைக்கேல் டேனியலின் தந்தை மைக்கேல் ஜோன்ஸ் 1787-ல் தெற்கே கார்டிகன்ஷயரில் பிறந்தவர். ரெக்ஸமில் படித்து, 1814-ல் லானியூக்லினின் 'ஹேன் கபெல்', அதாவது 'பழைய சேப்பல்' சபைக்குப் போதகராக வந்து சேர்ந்தார். வந்த இடம் அமைதியாக இல்லை. கடவுள் யாரை மீட்பார் என்ற இறையியல் வாதத்தில் சபையே இரண்டாக உடைந்தது. இப்போது யோசித்தால் இதற்கா இவ்வளவு சண்டை என்று தோன்றலாம். அன்றைய மலைக்கிராமத்தில் அதுதான் அரசியல், அதுதான் பட்டிமன்றம். இந்தச் சண்டைக்கு நடுவில், சேப்பலை ஒட்டிய போதகர் வீட்டில்தான் மைக்கேல் டேனியல் பிறந்தார்.

சபை உடைந்தால் பதிவேடும் உடையும். அது மட்டுமா? ஞானஸ்நானப் புத்தகத்தைத் தன் சொந்தச் சொத்தாகவே நினைத்த போதகர்கள் நிறையப் பேர். ஊர் மாறும்போது புத்தகத்தையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கிராமத்துக் குழந்தைகளின் பிறப்பு விவரம் நூறு மைல் தள்ளி வேறொரு கிராமத்தில் கிடைப்பதற்கு இதுதான் காரணம். 1837-ல் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய ஆரம்பித்தபோது, சேப்பல்களின் பழைய பதிவேடுகளை லண்டனுக்குக் கேட்டு வாங்கினார்கள். பல சபைகள் கொடுத்தன. கொடுக்காதவையும் உண்டு.

எழுத்தே இல்லாத பெயர்

இனி அந்த ஜோன்ஸ் விவகாரம். வேல்ஸில் முற்காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மகன் பெயர், பிறகு 'ஆப்', பிறகு அப்பா பெயர். 'ஆப்' என்றால் 'மகன்'. நம்முடைய இனிஷியல் மாதிரிதான். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இவான் என்பவரின் மகன் தாவித் என்றால் அவர் தாவித் ஆப் இவான். ஆங்கிலேயச் சட்டமும் எழுத்தர்களும் வந்து, நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்றபோது, அப்போது யார் அப்பாவோ அவர் பெயரே நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஜானின் மகன் ஜோன்ஸ். டேவிட்டின் மகன் டேவிஸ். அப்பாக்களில் பாதிப் பேர் ஜான் என்றால் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜோன்ஸ் ஆகாமல் என்ன செய்வார்கள்? இதில் வேடிக்கை, பாரம்பரிய வெல்ஷ் அகரவரிசையில் 'ஜே' என்ற எழுத்தே இல்லை. தங்கள் எழுத்திலேயே இல்லாத ஒரு பெயரைத்தான் அவ்வளவு பேரும் சுமந்தார்கள்.

மலைக்கிராமங்களில் 'ஆப்' வழக்கம் 19-ம் நூற்றாண்டுத் தொடக்கம் வரைகூட நீடித்தது. பெண்களும் கல்யாணத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயரோடே பதிவுகளில் வருவார்கள். கணவர் ஒரு பெயர், மனைவி ஒரு பெயர், மகனுக்கு மூன்றாவது பெயர் என்று ஒரே வீட்டில் இருக்கும். தேடுகிறவர் மூன்று குடும்பங்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

ஊர்க்காரர்களுக்கு மட்டும் குழப்பமே வந்ததில்லை. பால்காரர் ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ், இன்ன பண்ணை ஜோன்ஸ் என்று தொழிலையும் வீட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அதனால் வேல்ஸில் வேர் தேடுகிறவருக்கு ஆளின் பெயரைவிட வீட்டின் பெயர் முக்கியம். கல்லறைக் கற்களில் பண்ணையின் பெயரையும் பொறித்திருப்பார்கள். சேப்பல்கள் வருடா வருடம் அச்சிட்ட அறிக்கையில், எந்த வீட்டிலிருந்து யார் எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்ற பட்டியலே இருக்கும். நம்மூர் மொய் நோட்டை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்த மாதிரி! குறைவாகக் கொடுத்தவர்கள் அந்த வாரம் எப்படித் தெருவில் நடந்தார்களோ. ஆனால் இன்று அந்தப் பட்டியல்தான், ஆறு ஜான் ஜோன்ஸ்களில் நம் ஜான் ஜோன்ஸ் யார் என்று காட்டிக்கொடுக்கிறது.

போதகர்கள் விஷயத்தில் இன்னொரு வசதி உண்டு. அவர்கள் இறந்தால் சபையின் பத்திரிகை சும்மா இருக்காது. சுயாதீன சபையாரின் 'தஸ்கெதித்' போன்ற மாத இதழ்கள் பிறப்பு, பெற்றோர், படிப்பு, கடைசி நாட்கள் என்று பக்கம் பக்கமாக எழுதும். கொஞ்சம் பிரபலமான போதகர் என்றால் தனிப் புத்தகமே வரும். அதில் புகழ்ச்சி தூக்கலாக இருக்கும். அதைக் கழித்துவிட்டு ஊர்ப் பெயர்களையும் தேதிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுப் போடாத தாய்

தந்தை ஜோன்ஸ் 1840-களின் தொடக்கத்தில், இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்விக்கூடத்தை லானியூக்லினில் ஆரம்பித்தார். பிறகு அது பாலாவுக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது. 1853-ல் அவர் இறந்ததும் பொறுப்பு மகனிடம் வந்தது. மகன் அதற்குள் அமெரிக்காவின் ஒஹாயோ வரை போய், சின்சினாட்டியில் போதகராக அபிஷேகம் பெற்றுத் திரும்பியிருந்தார். அங்கே குடியேறிய வேல்ஸ் மக்கள் ஒரு தலைமுறைக்குள் தாய்மொழியை மறப்பதைக் கண்ணால் பார்த்தார். அது அவரை விடவே இல்லை.

அவருடைய தாய் லானியூக்லினில், வைர்க்லோத் வென் என்ற பண்ணையில் குத்தகைக்கு இருந்தார். 'வெண்புல்வெளி' என்று பொருள். அழகான பெயர், ஆனால் நிலம் அவர்களுடையது அல்ல. அந்தச் சுற்றுவட்டாரமே சர் வாட்கின் வில்லியம்ஸ் வின் என்ற ஜமீன்தாருக்குச் சொந்தம். அவருடைய மாளிகைதான் பேருந்து வரும் வழியில் பார்த்த ருவாபனில் இருந்தது. ஏரிக்கரையில் கிளான்லின் என்று வேட்டைக்கால மாளிகை ஒன்றும் வைத்திருந்தார்.

1859-ல் தேர்தல் வந்தது. அன்று ரகசிய ஓட்டு கிடையாது. 1872-ல்தான் அந்தச் சட்டம் வந்தது. எல்லோர் முன்னாலும் வாய்விட்டு, இன்னாருக்கு என் ஓட்டு என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் ஜமீனின் ஆள் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஜமீன்தார்கள் ஆதரித்த கன்சர்வேடிவ் வேட்பாளர் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனாலும், சொன்னபடி ஓட்டுப் போடாத குடியானவர்களுக்குப் பாலா வட்டாரத்தில் வெளியேறும் நோட்டீஸ் போனது. வைர்க்லோத் வென் பண்ணையிலிருந்த கிழத் தாயும் அதில் ஒருவர். பெண் என்பதால் அவருக்கு ஓட்டே கிடையாது என்பதுதான் இதில் கொடுமை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை மட்டும் புரட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. 1851-ல் ஒரு பண்ணையில் இருக்கும் குடும்பம் 1861-ல் இல்லை, அவ்வளவுதான் தெரியும். 'இடம் மாறிவிட்டார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பாலா, லானியூக்லின் பக்கம் வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. பத்து வருட இடைவெளியில்தான் குடும்பங்களின் பெரிய துக்கங்கள் ஒளிந்திருக்கின்றன.

இப்போது கிளான்லினுக்குப் போனால் ஏரியில் படகோட்டும் பிள்ளைகளின் கூச்சல் கேட்கும். 1950 முதல் அது வேல்ஸ் சிறுவர் இயக்கமான 'ஊர்த்'தின் முகாம். ஜமீன்தாரின் வேட்டை மாளிகையில் பள்ளிப் பிள்ளைகள் வெல்ஷ் மொழியில் விளையாடுகிறார்கள். அந்த இயக்கத்தை 1922-ல் தொடங்கியவர் இவான் ஆப் ஓவன் எட்வர்ட்ஸ். அவருடைய தந்தை ஓ.எம்.எட்வர்ட்ஸ் லானியூக்லினில் பிறந்தவர். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகக் கழுத்தில் தண்டனைக் கட்டை மாட்டப்பட்டவர். அப்பா, மகன் இருவருக்கும் ஊரில் சிலை இருக்கிறது.

பிள்ளைகளின் பெயரில் ஒளிந்திருந்த பெற்றோர்

ஜமீனும் பள்ளியும் சேர்ந்து நெருக்கினால் எங்கேதான் போவது? மைக்கேல் டேனியல் சொன்ன பதில் படகோனியா. 1865 மே 28 அன்று லிவர்பூலில் இருந்து மிமோசா என்ற கப்பல் சுமார் 150 பேருடன் புறப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று அர்ஜென்டினாவின் வறண்ட கரை ஒன்றில் அவர்கள் இறங்கினார்கள். போதகர் அந்தக் கப்பலில் போகவில்லை. ஆனால் செலவில் பெரும்பங்கு அவர் வீட்டுப் பணம். சரியாகச் சொன்னால், அவர் மனைவி ஆன் லாய்ட் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து. வரலாற்றுப் புத்தகங்கள் கணவரைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகின்றன. பணம் கொடுத்த மனைவிக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

இதற்கு அடுத்த தலைமுறையில்தான் தேடுகிறவர்கள் வழி தவறுகிறார்கள். ஜோன்ஸ் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு மகன்களைத் தேடினால் கிடைக்கவே மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் ஜோன்ஸை உதறிவிட்டார்கள். மூத்தவர் லுவிட் ஆப் இவான். இன்னொருவர் மிஹாங்கெல் ஆப் இவான். ஜோன்ஸ் என்பதற்குள் இருக்கும் ஜான்தான் வெல்ஷ் மொழியில் இவான். மிஹாங்கெல் என்பது மைக்கேல். அப்பா பெயர், தாத்தா பெயர் இரண்டும் அதுவே. லுவிட் என்பது அம்மா பிறந்த வீட்டுப் பெயரான லாய்டின் அசல் உருவம். ஆக, மூத்த பிள்ளையின் பெயருக்குள் அம்மாவின் குடும்பமும் அப்பாவின் குடும்பமும் சேர்ந்தே இருக்கின்றன. இந்தச் சாவி கையில் கிடைத்தால் மட்டுமே வரிசை முழுதாகத் தெரியும்.

மிஹாங்கெல் புவனோஸ் அயர்ஸில் மருத்துவர் ஆனார். லுவிட் படகோனியாவில் நிலம் அளந்து, வழிகள் கண்டு, கடைசியில் ஆந்திஸ் மலையடிவாரத்தில் நான்ட் அ பிஸ்கோட் என்ற இடத்தில் கூட்டுறவுக் கடை ஒன்றை நடத்தினார். 'மீன் ஓடை' என்று பொருள். 1909 டிசம்பரில் வட அமெரிக்கக் கொள்ளையர் இருவர் கடைக்குள் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

அவர் மனைவி மஃபான்வி, குடியேற்றத்தின் இன்னொரு தலைவரான லூயிஸ் ஜோன்ஸின் மகள். ட்ரெலூ நகரத்தின் பெயருக்குள் இருப்பது அந்த லூயிஸ்தான். மஃபான்வியின் தங்கை எலினெட், 1870-ல் நடுக்கடலில் கப்பலில் பிறந்தவர். 'கடலில் பிறந்தவள்' என்ற பொருள் வரும்படி அவருக்கு மார்கன் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ் பெற்றவர் அவர். அப்பா ஜோன்ஸ், மகள் மார்கன். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டித் தேடுகிறவர் இந்த உறவை எப்படிக் கண்டுபிடிப்பார்?

இந்தியாவுக்கும் இப்படி ஒரு ஜோன்ஸ் வந்திருக்கிறார். 1841-ல் சிரபுஞ்சி வந்து, காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையைத் தந்த தாமஸ் ஜோன்ஸ் வேல்ஸ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1849-ல் கல்கத்தாவில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

பூட்டிய கதவுகள்

இன்று வேல்ஸ் கிராமங்களில் நடந்தால், சேப்பல் போலவே தெரியும் வீடுகளைப் பார்க்கலாம். உயரமான ஜன்னல்கள், நெற்றியில் கட்டிய வருடம், பக்கத்தில் கார். வழிபட ஆள் குறைந்ததால் விற்கப்பட்டவை அவை. சில கிடங்குகள் ஆயின. சில பூட்டியே கிடக்கின்றன. கட்டடத்தை வாங்கியவர் கல்லறைகளை நகர்த்த மாட்டார்தான். ஆனால் சேப்பல் அலமாரியில் இருந்த காணிக்கைப் பட்டியலும் ஞாயிறு பள்ளி நோட்டும் எங்கே போயின என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்காது. 'அந்தப் பண்ணை ஜோன்ஸா? அவர் அம்மா இன்னாருடைய மகள்' என்று வாயாலேயே வரிசை சொல்லும் முதியவர்களும் குறைந்து வருகிறார்கள்.

தப்பிய காகிதங்களில் கணிசமானவை அபெரிஸ்ட்வித்தில் கடலைப் பார்த்து நிற்கும் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1858-க்கு முந்தைய உயில்கள், பழைய செய்தித்தாள்களின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், வேல்ஸ் வாழ்க்கை வரலாற்று அகராதி எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மைக்கேல் ஜோன்ஸ், மைக்கேல் டேனியல், லுவிட் ஆப் இவான் போன்றவர்களைத் தேடுகிறவர்கள் வீட்டிலிருந்தே பாதி தூரம் வந்துவிடலாம். மீதிப் பாதிக்கு லானியூக்லின் வரைதான் வர வேண்டும்.

1882-ல் ஒருமுறை படகோனியாவுக்குப் போய்த் தன் கனவை நேரில் பார்த்துத் திரும்பினார் மைக்கேல் டேனியல். தான் பிறந்த அதே ஹேன் கபெல் மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டார். மிமோசா கரைசேர்ந்த ஜூலை 28-ஐ அங்கே சுபூட் பள்ளத்தாக்கில் இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். அன்று பிற்பகல் சேப்பல்களில் தேநீர் விருந்து. ரொட்டி, வெண்ணெய், ஜாம், கேக் என்று மேசை நிறையும். பரிமாறுகிறவர்கள் ஸ்பானிஷில் பேசிக்கொண்டே இருப்பார்கள்; நடுநடுவே வெல்ஷ் காதில் விழும்.